அதே வேகம், அதே ஏற்றம், வேறு மூச்சு: மாரடைப்புக்குப் பின்னான இதய மறுவாழ்வில் ஒரு நிகழ்வு ஆய்வு

இதய மறுவாழ்வுப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வரும் பிசியோதெரபி மாணவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "எந்த அளவைத் தாண்டினால் உடற்பயிற்சியை நிறுத்த வேண்டும்?" நியாயமான கேள்வி. அந்த எண்களை மனப்பாடமாக வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் இங்கே நான் எழுதும் நோயாளியிடம், பயிற்சியை நிறுத்திய நாளில், பாடநூல் எல்லைகளில் ஒன்றுகூடத் தாண்டப்படவில்லை. அப்படியும் நிறுத்தியது சரியான முடிவு. ஏன் சரி என்பதை மாணவர்கள் புரிந்துகொண்டால் நல்லது என்று இதை விரிவாகப் பதிவு செய்கிறேன். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

57 வயது ஆண். உட்கார்ந்தே பார்க்கும் வேலை. 9 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், கூடவே உயர் ரத்த அழுத்தம். மாரடைப்பு வந்த நாள் வரை புகைத்தவர். விடியற்காலையில் நெஞ்சை அழுத்திய வலியை வாயுத் தொல்லை என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருந்துவிட்டார். மருத்துவமனைக்கு வந்தபோது ஏறத்தாழ 7 மணி நேரம் கடந்திருந்தது.

இ.சி.ஜி.யில் இதயத்தின் முன்சுவரைக் காட்டும் லீடுகளில் (பதிவுக் கோணங்களில்) எஸ்.டி. பகுதி, அதாவது ஒரு துடிப்பின் வரைகோட்டில் அடைப்பைக் காட்டிக்கொடுக்கும் பகுதி, உயர்ந்திருந்தது. ஆஞ்சியோகிராமில் இடது முன் இறங்கு தமனி, அதாவது எல்.ஏ.டி., தொடக்கத்திலேயே முழுமையாக அடைபட்டிருந்தது. உடனே ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். வலது கரோனரி தமனியில் பாதிக்கும் குறைவான அடைப்பு இருந்தது. அதற்கு மாத்திரை போதும் என்று விட்டுவிட்டார்கள்.

எந்தத் தமனி, எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் மாணவர்கள் கோப்பைத் திறந்ததும் தேட வேண்டும். எல்.ஏ.டி. இடது கீழறையின் முன்சுவருக்கும், இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரின் முன்பக்க மூன்றில் இரண்டு பங்குக்கும், பெரும்பாலானவர்களுக்கு இதயத்தின் நுனிக்கும் ரத்தம் கொடுக்கிறது. அது தொடக்கத்திலேயே அடைபட்டால் ரத்தத்தை வெளியே தள்ளும் தசையில் பெரும்பகுதி பட்டினி கிடக்கும். 7 மணி நேரம் என்பது தசை இழப்புக்குப் போதுமான நேரம். இவருக்கு இரண்டாம் நாள் எக்கோவில் இ.எஃப். 38 சதவீதம். இடது கீழறை நிரம்பியிருக்கும்போது உள்ள ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பதுதான் இ.எஃப். நல்ல நிலையில் உள்ள இதயத்திலும் அது 100 அல்ல. 55-க்கு மேல் இருந்தாலே இயல்பு.

அந்த 38-ஐ இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரத்த ஓட்டம் திரும்பிய பிறகும் சில பகுதிகள் செத்துப்போகாமல், வேலை மட்டும் செய்யாமல் ஸ்தம்பித்து நிற்கும். சில நாட்களிலோ சில வாரங்களிலோ அவை மீண்டும் சுருங்கத் தொடங்கும். இவருக்கும் நான்காம் வாரத்தில் 42 சதவீதமாக ஏறியிருந்தது.

மருந்துகள்: ஆஸ்பிரினும் இன்னொரு ரத்தத்தட்டுத் தடுப்பு மருந்தும், கொழுப்பைக் குறைக்க அதிக அளவு ஸ்டாட்டின், மெட்டோபுரோலால், ரத்த அழுத்தத்தைக் குறைத்து இதயத்தின் பாரத்தை இறக்கும் ராமிபிரில், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். மருத்துவமனையில் இரண்டு நாள் நீர் மாத்திரை கொடுத்து, வீட்டுக்கு அனுப்பும்போது நிறுத்திவிட்டார்கள். மெட்டோபுரோலால் ஒரு பீட்டா பிளாக்கர், அதாவது நாடித்துடிப்பை அடக்கி வைக்கும் மருந்து என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எண்களை அதை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

மருத்துவமனையில் முதல் நாட்கள்

முதல் கட்டத்தில் சொல்வதற்கு அதிகமில்லை. இரண்டாம் நாள் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தோம், பிறகு அறைக்குள் நடை, அப்புறம் தாழ்வாரம், கிளம்பும் முன் ஒரு மாடிப் படி. ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனார்.

ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். 1952-இல் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லவுனும் நோயாளிகளைச் சீக்கிரமே எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று எழுதியபோது அது துணிச்சலான கருத்து. 1968-இல் வெளிவந்த டாலஸ் ஆய்வில், ஆரோக்கியமான 5 இளைஞர்களை 3 வாரம் படுக்க வைத்தார்கள். அவர்களின் உச்ச ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன் கால் பங்குக்கும் மேல் குறைந்துபோனது. இளைஞர்களுக்கே அப்படி என்றால், தசையை இழந்த 57 வயது இதயத்துக்குப் படுக்கை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சி தொடங்கும் முன் எடுத்த அளவுகள்

மாரடைப்பு வந்து நான்காம் வாரம் இரண்டாம் கட்டத்துக்கு, அதாவது வீட்டிலிருந்து வந்து செய்யும் மேற்பார்வைப் பயிற்சிக்கு, வந்தார். ஓய்வில் நாடித்துடிப்பு 64, ரத்த அழுத்தம் 118/74, ஆக்சிஜன் செறிவு 97 சதவீதம், எடை 74 கிலோ. கால் வீக்கம் இல்லை, நுரையீரல் சுத்தம். ஆறு நிமிட நடைச் சோதனையில் 362 மீட்டர் நடந்தார்.

இதயநோய் மருத்துவர் முன்னிலையில், வழக்கமான மாத்திரைகளைப் போட்டுக்கொண்டே, மாற்றியமைத்த புரூஸ் முறையில் (லேசாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றமும் வேகமும் கூடும் முறை) ட்ரெட்மில் சோதனை நடந்தது. கால் சோர்வால் நிறுத்தினார். எட்டிய அளவு சுமார் 5 மெட். உச்ச நாடித்துடிப்பு 118, உச்ச அழுத்தம் 152. நெஞ்சு வலி, எஸ்.டி. மாற்றம், சீரற்ற துடிப்பு எதுவும் இல்லை. ஒரு மெட் என்பது சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆக்சிஜன். கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மி.லி.

இ.எஃப். 40-க்கும் 49-க்கும் நடுவில் இருந்ததாலும், செயல்திறன் குறைவாக இருந்ததாலும் இவரை மத்திம ஆபத்துப் பிரிவில் வைத்தோம். முதல் சில வாரங்கள் இ.சி.ஜி. கண்காணிப்போடு பயிற்சி என்று முடிவானது.

பயிற்சித் திட்டமும் அதன் கணக்கும்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நேரம் செலவிடுகிறேன். மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

வகுப்பில் படித்த '220-இலிருந்து வயதைக் கழி' கணக்கைப் போட்டால் இவருக்கு உச்சத் துடிப்பு 163 வரும். அதில் 65 முதல் 80 சதவீதம் என்றால் 106 முதல் 130 வரை. ஆனால் சோதனையில் இவரால் எட்ட முடிந்த உச்சமே 118! பீட்டா பிளாக்கர் துடிப்பை அடக்கி வைத்திருக்கும்போது அந்தக் கணக்கை நம்பினால், ஒருவரை அவருடைய உச்சத்துக்கும் மேலே ஓடச் சொல்வதாகிவிடும். ஆகவே மாத்திரையோடு எடுத்த சோதனையின் உச்சத்தை வைத்துக் கார்வோனென் முறையில் கணக்கிட்டோம். 118-இலிருந்து 64-ஐக் கழித்தால் 54. அதில் 40 சதவீதத்தை ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் 86, 60 சதவீதத்தைக் கூட்டினால் 96. இவருக்கான வரம்பு 86 முதல் 96.

ட்ரெட்மில் வேகத்தையும் இதே போல் எண்ணிலிருந்தே எடுத்தோம். 5 மெட் உச்சம் என்றால், ஓய்வின் 1 மெட் போக மீதி 4. அதில் 40 முதல் 60 சதவீதம் சேர்த்தால் 2.6 முதல் 3.4 மெட். நடைக்கான சமன்பாடு எளிது: நிமிடத்துக்கு நடக்கும் மீட்டரை 0.1-ஆல் பெருக்கி, ஏற்றம் இருந்தால் அதே வேகத்தை 1.8-ஆலும் ஏற்றத்தின் பின்னத்தாலும் பெருக்கிச் சேர்த்து, 3.5-ஐக் கூட்ட வேண்டும். மணிக்கு 3.6 கி.மீ. என்பது நிமிடத்துக்கு 60 மீட்டர். சமதளத்தில் 9.5 மி.லி., அதாவது 2.7 மெட். 2 சதவீத ஏற்றம் கொடுத்தால் சுமார் 11.7 மி.லி., அதாவது 3.3 மெட். முதலாவதில் தொடங்கி இரண்டாவதுக்குப் போவது என்று வைத்துக்கொண்டோம்.

மூன்றாவது அளவுகோல் நோயாளியின் வாய்ச்சொல். ஸ்வீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான கடின உணர்வு அளவுகோலில் 11 முதல் 13 வரை இருக்க வேண்டும் என்று சொன்னோம். துடிப்பை மருந்து மறைக்கும்போது இந்த எண்ணுக்கு மதிப்பு கூடுகிறது. சில மாணவர்கள் இதை ஒரு சடங்கு போலக் கேட்டு எழுதிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். நோயாளி தன் உடலுக்குள்ளிருந்து தரும் ஒரே அளவு அது.

வாரத்துக்கு மூன்று நாள். உடலைத் தளர்த்த 10 நிமிடம், நடை 20 நிமிடத்தில் தொடங்கி 30 வரை, படிப்படியாக நிறுத்த 10 நிமிடம். இடைவிடாத மேற்பார்வைப் பயிற்சி 4 வாரம் முடிந்த பிறகே எடைப் பயிற்சியைத் தொடங்குவது என்று முடிவு செய்தோம்.

முதல் ஐந்து வாரங்கள்

நன்றாகவே போனது. மூன்றாம் வாரத்தில் 2 சதவீத ஏற்றத்துக்கு மாறினார். ஐந்தாம் வாரத்தின் கடைசி நாள் பதிவு இது: ஓய்வில் நாடி 64, அழுத்தம் 120/76, 3.6 கி.மீ. வேகம், 2 சதவீத ஏற்றம், 10-ஆவது நிமிடத்தில் நாடி 90, அழுத்தம் 138/76, கடின உணர்வு 12. நடந்துகொண்டே பக்கத்து ட்ரெட்மில்காரரோடு பேசினார்.

அழுத்தத்தைப் பாருங்கள். வேலை ஒரு மெட் கூடும்போது மேல் அழுத்தம் ஏறத்தாழ 10 மி.மீ. உயர்வது இயல்பு. ஓய்விலிருந்து 3.3 மெட்டுக்குப் போனால் 20-ஐ ஒட்டி உயர வேண்டும். இவருக்கு 18. இதயம் கேட்டதைக் கொடுக்கிறது என்று அர்த்தம்.

அதே வாரம் ரப்பர் பட்டையோடு லேசான கைப்பயிற்சி தொடங்கினோம். இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கத் தயங்கினார். கேட்டதற்கு, "கொஞ்சம் பிடிச்ச மாதிரி இருக்கு, சரியாயிடும்" என்றார். அந்தப் பயிற்சியை மட்டும் விட்டுவிட்டோம்.

ஆறாம் வாரம்: கவனித்தது

திங்கள்கிழமை எடை 74.5. அதே வேகம், அதே ஏற்றம், கடின உணர்வு 13. யாருக்கும் உறுத்தும் எண் அல்ல. புதன்கிழமை வரவில்லை, வேலை இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். வெள்ளிக்கிழமை வந்தார்.

அன்று அவரைப் பார்த்துக்கொண்டது இறுதியாண்டு மாணவி ஒருவர். ஓய்வில் நாடி 76, அழுத்தம் 146/88, ஆக்சிஜன் 94. பயிற்சியே தொடங்கக் கூடாது என்பதற்கான எங்கள் எல்லை 180/110. அதிலிருந்து வெகு தூரத்தில் இருந்ததால் ட்ரெட்மில்லில் ஏற்றினார்.

ஐந்தாம் நிமிடத்தில் நோயாளி முன்கம்பியைப் பிடித்துக்கொண்டார். அதுவரை ஒருநாளும் பிடித்ததில்லை. 10-ஆவது நிமிடத்தில் நாடி 98. வரம்பின் மேல் எல்லையான 96-ஐவிட 2 மட்டுமே கூடுதல் என்பதால் திரையில் பெரிதாக எதுவும் தெரியாது. அழுத்தம் 148/90. மாணவி கேட்டார்: "எப்படி இருக்கு சார், எவ்வளவு போடலாம்?"

"15 போடும்மா. நேத்து ராத்திரி... சரியாத் தூக்கம் இல்ல, அதான்."

அந்தப் பதிலின் நடுவில் ஒரு மூச்சு எடுத்தார். மாணவி முந்தைய வாரத் தாளைப் புரட்டி என்னைக் கூப்பிட்டார். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, "அதே லோடுதான் மேடம். போன வாரம் 12, இன்னைக்கு 15. பிரஷர் ஏறவே இல்ல" என்றார். இந்த நிகழ்வின் திருப்புமுனை அதுதான். ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியே பார்த்தால் எல்லாம் 'பரவாயில்லை' ரகம். ஒரு வாரத்துக்கு முன்னால் 18 மி.மீ. ஏறிய அழுத்தம் அன்று 2 மி.மீ. மட்டும் ஏறியிருக்கிறது என்பது இரண்டு தாள்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஓய்வுத் துடிப்பு 64-இலிருந்து 76-க்குப் போனதையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பீட்டா பிளாக்கர் அடக்கி வைத்திருக்கும்போதே 12 கூடியிருக்கிறது என்றால், ஒன்று மாத்திரையை விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் உடல் ஏதோ ஒன்றோடு போராடிக்கொண்டிருக்க வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். சட்டென்று நிறுத்தினால் கால் தசைகளில் தேங்கும் ரத்தம் இதயத்துக்குத் திரும்பாமல் அழுத்தம் விழக்கூடும். பிறகு சாய்வாக உட்கார வைத்தோம், படுக்க வைக்கவில்லை. மூச்சுத் திணறும் இதய நோயாளியைத் தட்டையாகப் படுக்க வைத்தால் கால்களிலிருந்து திரும்பும் ரத்தம் நுரையீரலை இன்னும் நிரப்பும்.

அடுத்து கால்களைப் பார்த்தோம். காலுறையின் விளிம்பு கணுக்காலுக்கு மேலே ஆழமான வளையமாகப் பதிந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் விரலால் அழுத்தி எடுத்தபோது குழி மறையவில்லை. கழுத்துச் சிரை உயர்ந்து தெரிந்தது. ஸ்டெதாஸ்கோப்பில் இரண்டு நுரையீரல்களின் அடிப்பகுதியிலும் மெல்லிய நொறுங்கல் ஒலி. எடை 76.7, நான்கு நாட்களில் 2.2 கிலோ கூடியிருந்தது. இரவில் எப்படித் தூங்குகிறார் என்று கேட்டோம். மூன்று நாட்களாக இரண்டு தலையணை வைத்தால்தான் மூச்சு வருகிறது என்றார். "நீங்க கேக்கலையே, அதனால சொல்லல" என்றும் சேர்த்துக்கொண்டார்.

இதய செயலிழப்பின் படம் தெளிவாகிவிட்டது. வேகத்தைக் குறைத்து அன்றைய பயிற்சியை முடித்துவிடலாமா என்று மாணவி கேட்டார். கூடாது. கட்டுப்பாட்டில் இல்லாத இதய செயலிழப்பு பயிற்சிக்கு முழுத் தடை. நீர் தேங்கி ஏற்கெனவே திணறும் கீழறைக்குச் சிறு வேலையும் கூடுதல் பாரம்தான். அது மட்டும் இல்லை; ஸ்டென்ட் மறுபடி அடைக்கத் தொடங்கியிருக்கிறதா, வலது தமனியின் அடைப்பு முற்றியதா என்ற சந்தேகங்களும் திறந்தே இருந்தன. அவற்றைத் தீர்ப்பது நம் வேலையல்ல. அன்றே தீர்க்கப்பட வேண்டியவை என்று உணர்ந்து அனுப்புவது நம் வேலை. அப்போது எடுத்த இ.சி.ஜி.யில் புதிய மாற்றம் இல்லை. இதயநோய் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, நான்கு வரியில் சொன்னோம்: அதே வேலைக்கு உடல் காட்டும் மாற்றம், எடை, கால், நுரையீரல். சக்கர நாற்காலியில் வார்டுக்குப் போனார்.

காத்திருந்தபோது மருந்துகளைப் பற்றி மாணவி கேட்டார். எல்லா மாத்திரையும் சரியாகப் போடுகிறாரா? போடுகிறார். வேறு ஏதாவது மாத்திரை? இல்லை. அதோடு விடாமல் கேள்வியை மாற்றினார்: "வலிக்கு, காய்ச்சலுக்கு, ஜலதோஷத்துக்குன்னு கடையில நீங்களா ஏதாவது வாங்கிப் போட்டீங்களா சார்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மனைவியின் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை வந்தது. டைக்ளோஃபெனாக். 9 நாட்களாகக் காலையும் இரவும் ஒன்று. தோள்பட்டை வலி தாங்க முடியவில்லை. இடது தோள் வலி என்று சொன்னால் மறுபடி மாரடைப்பு என்று படுக்க வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் சொல்லவில்லை. 'மாத்திரை' என்று கேட்டபோது அவர் மனதில் வந்தவை இதய மாத்திரைகள் மட்டும்தான்.

மருத்துவமனையில் தெரிய வந்தது

இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் உயரும் டிரோபோனின் இயல்பு. எக்கோவில் இ.எஃப். 41, முன்பிருந்த 42-க்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஆக, இதயத் தசை புதிதாகக் கெடவில்லை, தாங்க வேண்டிய நீர்தான் கூடிவிட்டது. சிறுநீரகம் தளர்ந்தால் உயரும் கிரியாட்டினின் 1.1-இலிருந்து 1.5-க்கு ஏறியிருந்தது.

டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன. வீக்கமும் வலியும் குறைவது அதனால்தான். ஆனால் சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களைத் திறந்து வைப்பதும், உப்பை வெளியேற்ற உதவுவதும் அதே புரோஸ்டாகிளாண்டின்கள்தான். அவை குறைந்தால் உடல் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்த அழுத்தம் ஏறும், ராமிபிரில் போன்ற மருந்தின் பலன் மங்கும். ஆரோக்கியமான ஒருவருக்கு இது தெரியாமலே போகலாம். இ.எஃப். 42 உள்ளவருக்கு மூச்சுத் திணறலில் வந்து முடியும். இரண்டு ரத்தத்தட்டுத் தடுப்பு மருந்துகளோடு சேரும்போது வயிற்றில் ரத்தக்கசிவு ஆபத்தும் கூடுகிறது. மாரடைப்பு வந்தவர்களுக்கு மறுபடி மாரடைப்பு வரும் வாய்ப்பையும் இவை உயர்த்துகின்றன.

வலி மாத்திரையை நிறுத்தி, நீர் பிரிய ஊசி போட்டார்கள். இரண்டு இரவுகளில் எடை 74.6-க்கு வந்தது. வலிக்குப் பாராசிட்டமால். சர்க்கரையும் பலவீனமான இதயமும் சேர்ந்திருந்ததால், இரண்டுக்கும் பயன்படும் எஸ்.ஜி.எல்.டி.2 தடுப்பு மருந்து ஒன்றையும் சேர்த்தார்கள். கிரியாட்டினின் இரண்டு வாரத்தில் பழைய அளவுக்குத் திரும்பியது.

திரும்ப வந்த பிறகு

மருத்துவரின் அனுமதியோடு அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் வந்தார். 2 சதவீத ஏற்றத்தை எடுத்துவிட்டு, 2.7 மெட்டில் புதிதாகத் தொடங்கினோம். முதல் நாளே அந்த 2.7 மெட் வேலையில் கடின உணர்வு 11, அழுத்தம் 15 மி.மீ. ஏறியது. இரண்டு வாரம் பொறுத்துத்தான் ஏற்றத்தைக் கூட்டினோம்.

இந்த முறை தோள்பட்டையை முறையாகப் பரிசோதித்தோம். இதய நோயாளியின் இடது தோள் வலியை முதலில் இதயத்திலிருந்து பிரித்துப் பார்த்தாக வேண்டும். நடந்தால் வந்து நின்றால் போகிறதா? நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழே வைக்கும் நைட்ரேட் மாத்திரையால் குறைகிறதா? இல்லை, கையை அசைத்தால் மட்டும் வருகிறதா, அந்தப் பக்கம் படுத்தால் எழுப்பிவிடுகிறதா? இவருக்குப் பின்னது. முழங்கையை உடலோடு ஒட்டி வைத்துக் கையை வெளிப்புறம் திருப்பும் அசைவு 15 பாகைதான் இருந்தது. நாங்கள் திருப்பிப் பார்த்தாலும் அதே அளவுதான். உறைந்த தோள்பட்டை. சர்க்கரை நோயாளிகளிடம் இது சாதாரணமாகப் பார்ப்பதுதான். மாரடைப்புக்குப் பிறகு பயத்தில் இடது கையை அசைக்காமலே வைத்திருந்ததும் சேர்ந்துகொண்டது.

சிகிச்சை நம் கையிலேயே இருந்தது. மூட்டு அசைவுச் சிகிச்சை, ஊசல் பயிற்சி, மற்றக் கையின் துணையோடு வெளித்திருப்பல். மூச்சை அடக்கி முக்கக் கூடாது என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் நினைவூட்டினோம். பத்து நாளில் இரவு வலி குறைந்து, பக்கவாட்டில் படுத்துத் தூங்கினார். அதற்குப் பிறகுதான் அவருடைய நடையில் பழைய தெம்பு வந்தது என்பது என் கணிப்பு. தூங்காத மனிதனால் பயிற்சியில் முன்னேற முடியாது.

வீட்டில் தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் எடை பார்த்து எழுதச் சொன்னோம். மூன்று நாளில் 2 கிலோ கூடினாலோ, தலையணை கூடினாலோ அடுத்த பயிற்சி நாள் வரை காத்திருக்காமல் அழைக்க வேண்டும். அந்த நோட்டை அவர் மனைவி பார்த்துக்கொண்டார், ஒரு நாளும் விடவில்லை.

முடிவில் எடுத்த அளவுகள்

இடையில் போன நாட்களை ஈடுகட்டி, 12 வாரத் திட்டம் முழுமையாக முடிந்தது. ஆறு நிமிட நடை 362-இலிருந்து 448 மீட்டராகியிருந்தது. கரோனரி நோயாளிகளிடம் 25 மீட்டர் கூடினாலே நோயாளியால் உணரக்கூடிய முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறோம். ட்ரெட்மில் சோதனையில் 6.6 மெட் எட்டினார், இ.சி.ஜி.யில் மாற்றமில்லை. எங்களை எல்லாம் பயமுறுத்திய அந்த 3.6 கி.மீ., 2 சதவீத ஏற்றத்தில் இப்போது நாடி 84, கடின உணர்வு 10.

வேலைக்கு, முதல் மூன்று வாரம் அரை நாளாகத் திரும்பினார். புகைப்பதை விட்டுவிட்டார், நடுவில் ஒருமுறை தடுமாறி அதை அவரே வந்து சொன்னார். தோள்பட்டை முழுமையாகத் திறக்கவில்லை. வெளித்திருப்பல் 45 பாகை வரை வந்திருந்தது. அதற்கான சிகிச்சை தொடர்ந்தது. வலது தமனியின் அடைப்பு அப்படியேதான் இருக்கிறது. அதை மருந்தும் நடையும் புகை இல்லாத வாழ்க்கையும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில் மாற்றியவை

பதிவுத்தாளை மாற்றினோம். முன்பு ஒரு நாளுக்கு ஒரு தாள். இப்போது ஒரே தாளில் கடைசி ஆறு நாட்களின் எண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்: வேலை அளவு, அதே நிமிடத்தின் நாடி, அழுத்தம், கடின உணர்வு. 'அழுத்த உயர்வு' என்று தனி நிரல் ஒன்றும் உண்டு. அதில் 138, 148 என்று எழுதக் கூடாது, ஓய்விலிருந்து எவ்வளவு ஏறியது என்பதைத்தான் எழுத வேண்டும்.

எடை, வாரத்துக்கு ஒருமுறை என்பதிலிருந்து ஒவ்வொரு வருகைக்கும் என்று மாறியது, அதுவும் பயிற்சிக்கு முன். 180/110 என்ற பொது எல்லையோடு கூட, அவரவர் ஓய்வு அளவிலிருந்து நாடி 10-க்கு மேலோ, மேல் அழுத்தம் 20-க்கு மேலோ விலகினால், ட்ரெட்மில்லில் ஏற்றும் முன் தூக்கம், தலையணை, கால், மாத்திரை பற்றிக் கேட்டாக வேண்டும். 10, 20 என்பவை எங்கள் பிரிவில் வைத்துக்கொண்ட உள்விதிகள், வேறு இடங்களில் வேறு எண் வைத்துக்கொள்ளலாம். பயிற்சிக்குத் தடை என்று இதற்குப் பொருள் இல்லை, கேட்பதற்கான தூண்டுதல் மட்டுமே. காரணம் சொல்லாமல் ஒரு நாள் வராவிட்டாலும் அழைத்துப் பேசுகிறோம்.

சர்க்கரை உள்ள எல்லா நோயாளிகளுக்கும் முதல் நாளே இரண்டு தோள்பட்டைகளின் அசைவையும் அளந்து எழுதுகிறோம். இரண்டே நிமிட வேலை. தோள் வலியை மறைக்க வேண்டியதில்லை, அதற்கும் இங்கேயே சிகிச்சை உண்டு என்று அப்போதே சொல்லிவிடுகிறோம்.

மருந்துக் கேள்வியை மாணவி கேட்ட வடிவத்திலேயே தாளில் அச்சிட்டிருக்கிறோம். வலி, காய்ச்சல், ஜலதோஷம், தூக்கம், வயிறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்க வேண்டும். பதில் 'இல்லை' என்றாலும் அடுத்த வருகையில் மறுபடி கேட்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் மருந்துச் சீட்டில், தானாக வாங்கிப் போடக் கூடாத வலி மாத்திரைகளின் பெயர்களைப் பெரிய எழுத்தில் சேர்க்கச் சொல்லி வார்டுக்கு எழுதினோம். அதைச் செய்துவிட்டார்கள்.